லெம்பி எழுதிய பதினொரு பக்கங்கள்

லெம்பி காங்காஸ் என்ற பெயர் எங்கள் ஊர்க் காதில் முதன்முதலாக விழுந்தது ஒரு பாத்திரத்தின் அடியிலிருந்துதான். எழுபத்துநாலாம் வருஷம், மரங்களில் இலையெல்லாம் கொட்டி முடிந்த சமயம். லூதரன் கோயிலின் கீழ்த்தளத்தில் விருந்து முடிந்து பெண்கள் அவரவர் சமைத்துக் கொண்டுவந்த பாத்திரத்தைத் தேடி எடுத்துக்கொண்டிருந்தார்கள். ஒன்று மட்டும் மேஜையில் மிஞ்சி நின்றது. சேடி பிரெபிச் அதைக் கவிழ்த்து, அடியில் ஒட்டியிருந்த காகித டேப்பைப் படித்தாள். சேடி கத்தோலிக்கக்காரி, கடை வைத்திருந்த ஆன்டனின் தங்கை, சுரங்கத்தில் லாரி ஓட்டிய லூயியின் பெண்டாட்டி. சாப்பாடு என்றால் எந்தக் கோயிலுக்கும் வந்துவிடுவாள்.

"யாருடி இந்த எல். காங்காஸ்? மக்ரோனியை அடிப்பிடிக்க விட்டவ முன்னால வா!"

மூலையில் கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்த ஒல்லியான பெண் ஒருத்தி முகம் சிவக்க முன்னே வந்தாள். இருபத்தொன்பது வயதிருக்கும்.

"நான்தாங்க. லெம்பி. அடுப்பு புதுசு, இன்னும் சூடு பிடிபடலை. மன்னிச்சுக்கங்க."

"எதுக்கு மன்னிப்பு? என் வீட்டு வானரம் நாலும் அந்தக் கருகுனதுக்குத்தான் சண்டை போட்டுச் சுரண்டித் தின்னுச்சு. உனக்கு எத்தனை?"

"பிள்ளைங்க இல்லைங்க."

சுற்றி நின்றவர்கள் பேச்சை நிறுத்திவிட்டார்கள். சேடி மட்டும் நிறுத்தவில்லை.

"எனக்கு மட்டும் இருக்கா? இந்த நாலும் வளர்க்கச் சொல்லிக் கவுண்டி ஆபீஸ்ல குடுத்ததுங்க. அப்பன் ஆத்தா சரியானதும் திரும்பிப் போயிடும். அப்புறம் வேற வரும். கருகுனதைத் திங்க உன் வீட்டுக்கும் ரெண்டு வேணும்னா சொல்லு."

லெம்பி சொல்லவில்லை. ஆனால் வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் அந்தப் பாத்திரத்தை மடியில் வைத்துக்கொண்டு, சுரண்டிய கோடுகளைத் தடவிக்கொண்டே போனாள். புருஷன் ரூடி பேசாத மனிதன். அவன் அப்பா வழியில் எல்லோருமே அப்படித்தான். ஒரு பிள்ளையை எடுத்து வளர்க்கலாமா என்று அவள் கேட்டபோது இரண்டு நாள் யோசித்துவிட்டு, "சவுனாவுக்கு இன்னொரு வாளி வாங்கணும்" என்றான். நீராவியில் குளிக்கும் அறைக்கு இன்னொரு வாளி என்றால் வீட்டுக்கு இன்னொரு ஆள்; அதுதான் சம்மதம்.

அடுத்த பிப்ரவரியில், கவுண்டி அலுவலகத்து கெயில் ஒரு நாலு வயதுப் பெண்ணைக் கொண்டுவந்து விட்டாள். பெயர் ஜானெல். மளிகைக்கடைக் காகிதப்பையில் இரண்டு சட்டை, ஒற்றைக் கையுறை. கெயில் போனதும் ஜானெல் நேராகக் கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டாள். லெம்பி வெளியே இழுக்கவில்லை. தலையணையை உள்ளே தள்ளிவிட்டு, பக்கத்தில் தரையில் உட்கார்ந்து உருளைக்கிழங்கு உரித்தாள். மூன்று நாள் அப்படித்தான் போயிற்று. நாலாம் நாள் அடியிலிருந்து ஒரு கை வந்து, உரித்த கிழங்கு ஒன்றை எடுத்துக்கொண்டு உள்ளே போயிற்று.

சவுனாதான் பெரும் பாடாக இருந்தது. சனிக்கிழமை சாயங்காலம் எங்கள் பக்கத்தில் சவுனா மூட்டாத ஃபின்னிஷ் வம்சத்து வீடு கிடையாது. சூடேறிய கல்லில் தண்ணீர் ஊற்றும்போது வரும் சீறலைக் கேட்டதும் ஜானெல் வாசல்வரை ஓடிவிடுவாள். லெம்பி ஒரு சின்னத் துண்டில் மஞ்சள் வாத்து ஒன்றைத் தைத்தாள். அதை நனைத்துப் பிழிந்து, உள்ளே உட்காரும் பலகைப்படிகளில் கீழ்ப்படியில் குழந்தையை மடியில் வைத்து, முகத்துக்கு முன்னால் பிடித்துக்கொள்வாள். சீறல் வரும். துண்டுக்குப் பின்னாலிருந்து, "போயிடுச்சா?" என்று ஒரு குரல் வரும். "போயிடுச்சு கண்ணு." அந்த இரண்டு வார்த்தைக்காகவே லெம்பிக்கு வாரம் ஏழு நாளும் சனிக்கிழமையாக இருக்கக் கூடாதா என்றிருந்தது.

பத்தொன்பது மாதம். பிறகு கெயில் தொலைபேசியில், "நல்ல சேதி லெம்பி, நீதிபதி சொன்னதையெல்லாம் பெத்தவ ரோண்டா செஞ்சு முடிச்சிட்டா. செப்டம்பர்ல பொண்ணைக் கூட்டிக்கிட்டுப் போறா" என்றாள். லெம்பி "நல்லதும்மா" என்று சொல்லித் தொலைபேசியை வைத்தாள். கையை எடுக்கத்தான் முடியவில்லை.

அந்த வாரம் முழுக்க உட்கார்ந்து எழுதினாள். எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவள். எழுத்து கோணல்தான், ஆனால் ஒன்றையும் விடவில்லை. தலை வாரும்போது நுனியிலிருந்து தொடங்க வேண்டும், வேரிலிருந்து தொடங்கினால் அழுவாள். முட்டை தொடமாட்டாள். அப்பம் ஆறிப் போனால்தான் பிடிக்கும். படுக்கும்போது கூடத்து விளக்கு எரிய வேண்டும், கதவு நாலு விரல் திறந்திருக்க வேண்டும். இடி இடித்தால் தொடக் கூடாது, பக்கத்தில் தரையில் உட்கார்ந்தால் போதும். எழுதி முடித்தபோது பதினொரு பக்கம். ஒவ்வொரு பக்கமும் குழந்தை அழாமல் இருக்க வேண்டுமே என்ற ஒரே கவலையில் எழுதியது. அதைப் படிக்கப்போகிறவளுக்கு எப்படி இருக்கும் என்று ஒரு நொடிகூட நினைக்கவில்லை. சட்டியில் அடிப்பிடித்ததெல்லாம் ஒன்றுமில்லை; வாழ்க்கையில் லெம்பி செய்த பெரிய தப்பு அதுதான்.

அலுவலகத்து நடையில் ரோண்டா நின்றிருந்தாள். இருபத்துநாலு வயது. கோட்டில் ஒரு பொத்தான் இல்லை, அந்த இடத்தில் ஊக்கு. லெம்பி கொடுத்த காகிதத்தை நின்றபடியே படிக்க ஆரம்பித்தாள். முதல் பக்கத்தின் பாதியிலேயே காது இரண்டும் சிவந்துவிட்டது.

"மிஸஸ் காங்காஸ், இவளைப் பெத்தது நான்."

"ஆமாம்மா, யாரு இல்லைன்னா?"

"என் பொண்ணுக்கு எப்படித் தலை வாரணும்னு நீங்க எனக்குப் பாடம் எடுக்கறீங்களா?"

"ஐயோ, அதுக்கில்லைம்மா. அவ அழக் கூடாதேன்னுதான்…"

"அழுதா நான் பாத்துக்கறேன். போன் கீன் பண்ணாதீங்க. அட்டை கிட்டை அனுப்பாதீங்க. போதும்."

காகிதங்களை நாலாய் மடித்துக் கைப்பைக்குள் திணித்துக்கொண்டு, லெம்பி வாங்கிக் கொடுத்த சிவப்புப் பெட்டியை ஒரு கையிலும் குழந்தையை ஒரு கையிலும் பிடித்துக்கொண்டு போனாள். டுலூத் நகரத்துக்குப் போகும் பஸ் மூன்றரைக்கு. ஜானெல் படியில் திரும்பிப் பார்த்து, "சனிக்கிழமை வருவேன்" என்றாள்.

வரவில்லை. எங்கே வர?

பிள்ளை போன வீட்டுக்கு எங்கள் ஊர் வளர்ப்புத் தாய்மார் ஒரு வழக்கம் வைத்திருந்தார்கள். மறுநாள் காலையில் இரண்டு பேர் வந்து கட்டிலின் விரிப்பை உருவிக்கொண்டு போவார்கள். இழந்தவள் அதைத் துவைக்கக் கூடாது. ஒருத்தி அடுப்பில் வைத்த இறைச்சியும் நூடுல்ஸுமாக ஒரு பாத்திரம் கொண்டுவந்து வைப்பாள். அந்தப் பாத்திரத்தை உடனே திருப்பித் தரக் கூடாது. அடுத்த பிள்ளை வந்த பிறகு, அதிலேயே ஏதாவது சமைத்துக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். கழுவித் துடைத்துக் காலியாகக் கொடுத்தால், 'எனக்குப் போதும், இனி என் வீட்டில் பிள்ளை இல்லை' என்று அர்த்தம். வாயால் சொல்லவே வேண்டாம்.

லெம்பிக்கு வந்தது சேடியின் நீலப் பாத்திரம். அடுப்பங்கரை அலமாரியின் மேல்தட்டில் ஏழு மாதம் இருந்தது. வேறு பிள்ளை எடுத்துக்கொள்கிறாயா என்று கெயில் இரண்டு முறை கூப்பிட்டுக் கேட்டாள். லெம்பி இரண்டு முறையும், உடம்பு சரியில்லை என்றாள். அக்டோபர் ஒன்பது ஜானெலின் பிறந்தநாள். ஒரு வாழ்த்து அட்டை வாங்கி, எழுதி, எங்கே அனுப்புவது என்று தெரியாமல் மேஜை இழுப்பறையில் போட்டாள். சவுனாவில் வாத்துத் துண்டு ஆணியிலேயே தொங்கியது, பெட்டியில் வைக்க மறந்து போனது. சனிக்கிழமை ரூடி கல்லில் தண்ணீர் ஊற்றும்போது அவள் கீழ்ப்படியையே பார்த்துக்கொண்டிருப்பாள். அவன் பார்க்காத மாதிரி இன்னொரு கரண்டி ஊற்றுவான்.

ஏப்ரல் கடைசியில் பாத்திரத்தைக் கழுவித் துடைத்து எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.

சேடி கதவைத் திறந்தாள். பாத்திரத்தைப் பார்த்தாள். அதற்கு மேல் அதைப் பார்க்கவே இல்லை.

"உள்ள வா. காப்பி இருக்கு."

"இதை எங்க வைக்க?"

"மடியிலயே வெச்சுக்கோ. என் மேஜையில இடமில்லை."

மேஜையில் ஒரு குவளையும் சர்க்கரையும் தவிர ஒன்றுமில்லை. லெம்பி மடியில் பாத்திரத்தோடு உட்கார்ந்து காப்பி குடித்தாள்.

"என்னால முடியலை சேடி. அவ சாப்பிட்டாளா தூங்கினாளான்னுகூடத் தெரியலை. செத்துப் போனா அழுது தீர்க்கலாம். இது அப்படியும் இல்லை."

"சேதியே வராதா?"

"வராது. அவங்கம்மாவுக்கு என்மேல கோபம். நான் எழுதிக் குடுத்ததுல."

"என்ன எழுதின?"

"எப்படிப் பாத்துக்கணும்னு. பதினொரு பக்கம்."

சேடி குவளையைக் கீழே வைத்தாள். முதலில் தோள் குலுங்கியது, பிறகு வயிறு. கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள்.

"பதினொரு பக்கமா! அடிப்பாவி, பைபிளை விட்டுட்டியே, அதையும் சேர்த்துக் குடுத்திருக்கலாமே!"

"சிரிக்காதீங்க."

"சிரிக்காம என்ன பண்ணச் சொல்ற? நான் முதல்ல பண்ணினது தெரியுமா? பிள்ளையோட ஆத்தா வந்து பாக்கறப்ப, அவளுக்கு முன்னாலயே பிள்ளைக்கு மூக்குச் சிந்திவிட்டேன். அவ அதுக்கப்புறம் நாலு மாசம் வரலை." சேடியின் சிரிப்பு நின்றது. "லெம்பி, அவ ரெண்டு வருஷமா ஊர் முன்னால தோத்துத் தோத்து நின்னவ. ஜெயிச்ச அன்னிக்கு நீ போய் மார்க் போட்டுக் குடுத்திருக்க."

லெம்பி பாத்திரத்தின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"முப்பத்தோரு பிள்ளை போயிருக்கு இந்த வீட்டுல இருந்து," என்றாள் சேடி. "ஒன்பது பேருகிட்ட இருந்துதான் சேதி வருது. அந்த ஒன்பதும் யாரு தெரியுமா? எந்த ஆத்தாகிட்ட நான் வாயை மூடிக்கிட்டுக் காதைக் குடுத்தேனோ, அவங்க பிள்ளைங்க. பாக்கி இருபத்திரண்டும் எனக்கும் இங்கதான் இருக்கு." நெஞ்சைத் தட்டிக் காட்டினாள். "தனியா வெச்சுக்கிட்டுத் தூக்க முடியாதுடி. செவ்வாய்க்கிழமை காலைல இங்க வா. பிள்ளை வளர்க்கறவங்க ஆறு பேரு கூடுவோம். கெயிலைத் திட்டுவோம், ஜட்ஜைத் திட்டுவோம், பிள்ளைங்களையும் திட்டுவோம், வெளியில யாரும் சொல்லமாட்டோம். அடுத்தது வந்தா, ஒரு சனிக்கிழமை விட்டு ஒரு சனிக்கிழமை காலைல என் வீட்டுல விட்டுட்டு நீயும் ரூடியும் மீன் பிடிக்கப் போங்க. போகலைன்னா தூங்குங்க."

"அடுத்ததுன்னு யாரு சொன்னா?"

"உன் மடியில இருக்கே, அது சொல்லுது. இன்னும் என் கைல குடுக்கலையே நீ."

லெம்பி பாத்திரத்தை வீட்டுக்கே எடுத்துக்கொண்டு வந்தாள்.

ஜூன் மாதம் டீனா வந்தாள், இரண்டு வயது. ஓயாமல் அழுதாள். லெம்பி இந்த முறை எழுதவில்லை. பெற்றவள் ஷெரில் கெயிலோடு முதல் தடவை பார்க்க வந்தபோது, ஒரு வெள்ளைத் தாளையும் பென்சிலையும் அவள் முன்னால் வைத்தாள்.

ஷெரில் தாளைப் பார்த்தாள், கெயிலைப் பார்த்தாள். "என்ன, பரீட்சையா?"

"எனக்குத்தாம்மா பரீட்சை," என்றாள் லெம்பி. "அழுதா நிறுத்த மாட்டேங்கறா. என்ன பண்ணினா நிறுத்துவா? உங்களுக்குத்தானே தெரியும்?"

வெகு நேரம் கழித்து ஷெரில் மூன்றே வரி எழுதினாள். நடு வரி: 'இடது காது. மடலைத் தேய்க்கணும். வலது கூடாது.' அன்று சாயங்காலம் லெம்பி இடது காது மடலைத் தேய்த்தாள். அழுகை நின்றது. உடனே ஷெரிலைக் கூப்பிட்டுச் சொன்னாள்.  அந்தப் பக்கத்திலிருந்து, "நிஜமா நின்னுதா?" என்று ஒரு குரல், குழந்தைக் குரல் மாதிரி.

அந்த வாரம் நீலப் பாத்திரம் பால்சோறோடு சேடி வீட்டுக்குப் போயிற்று. டீனா ஒரு வருஷத்தில் ஷெரிலிடம் திரும்பிப் போனபோது, அதே பாத்திரம் மறுபடி லெம்பி வீட்டுக்கு வந்தது. பிறகு எத்தனை தடவை வந்தது, எத்தனை தடவை போனது என்று இரண்டு பேருமே மறந்துவிட்டார்கள்.

லெம்பி வீட்டில் பிறகு வந்து போன பிள்ளைகளை எங்கள் ஊரில் யாரைக் கேட்டாலும் வரிசையாகச் சொல்வார்கள். அதில் கல்யாணமாகி வந்து நிற்பவர்கள் உண்டு, சிறைக்குப் போனவர்களும் உண்டு. எப்படி இத்தனை வருஷம் தாக்குப்பிடித்தாய் என்று கெயிலே ஒரு தரம் கேட்டிருக்கிறாள். "செவ்வாய்க்கிழமை காப்பி," என்றாள் லெம்பி. "அப்புறம், நான் கூப்பிட்டா நீ போனை எடுக்கற. தெரியாததைத் தெரியாதுன்னு சொல்ற." ரூடியைக் கேட்டபோது, "மீன்" என்றான்.

ஆனால் அக்டோபர் ஒன்பது வந்தால் ஒரு அட்டை இழுப்பறைக்குள் போகும். ஒருத்தி வளர்ந்துகொண்டே இருக்கிறாள், எங்கே என்று தெரியாமல். கடைக்கு டுலூத் போனால், அந்த வயதுப் பெண்களின் பின்னந்தலையையே லெம்பி பார்த்துக்கொண்டு நடப்பாள். முடி எங்கே சிக்காகும் என்று அவள் விரலுக்கு இன்னும் தெரியும்.

எண்பத்தொன்பதாம் வருஷம், பனி உருகுகிற சமயத்தில், தடித்த உறை ஒன்று தபாலில் வந்தது. பிரித்தால் பதினொரு பக்கம். அவள் எழுத்துத்தான். மடித்த மடிப்பில் கிழிந்து, ஒட்டி, காப்பிக் கறை படிந்து, பழுத்துப் போயிருந்தது. ஓரங்களிலெல்லாம் இன்னொருத்தியின் எழுத்து. நீலம், கறுப்பு, பென்சில், ஒரு இடத்தில் குழந்தைகளின் பச்சை மெழுகுக்கோல்.

முதல் பக்கம், தலை வாருவது: 'வேரிலிருந்தே வாரினேன். அழுதாள். மறுநாள் நுனியிலிருந்து வாரினேன். அழவில்லை. உங்கள்மேல் இன்னும் கோபம் வந்தது.' அதற்குக் கீழே வேறு மையில்: 'மூன்றாம் வகுப்பு. தானே வாரிக்கொள்கிறாள்.' முட்டை: 'தப்பு. இப்போது ஒரே சமயத்தில் மூன்று.' விளக்கு, கதவு: 'ஒன்பது வயதில் அவளே அணைத்தாள். நான்தான் தூங்கவில்லை.' இடி என்ற இடத்தில் ஒன்றும் எழுதவில்லை. ஒரு சரிக்குறி மட்டும், பல முறை அழுத்திப் போட்டது.

கடைசிப் பக்கத்தில் லெம்பி எழுதியிருந்தாள்: 'என்னைக் கேட்டாலும் கேட்பாள். நான் நல்லா இருக்கேன்னு சொல்லுங்க.' அதற்கு எதிரே: 'கேட்டாள். ஒரு வருஷம் கேட்டாள். நான் சொல்லவில்லை.'

அடியில் புதிய மையில் நாலு வரி. ஜானெல் பதினெட்டு முடிந்ததும் அலாஸ்காவுக்கு மீன் தொழிற்சாலை வேலைக்குப் போய்விட்டாள். போய் ஐந்து மாதம். தொலைபேசி அபூர்வம். 'என்ன சாப்பிடுகிறாள், எப்படித் தூங்குகிறாள் என்று இப்போது எனக்கும் தெரியாது. இதைச் சொன்னால் புரிகிற ஆள் வேறு யாரும் இல்லை.' கீழே தொலைபேசி எண்.

லெம்பி மேஜையில் அந்தப் பக்கங்களைப் பரப்பி, சேடிக்குக்கூடச் சொல்லாமல், வரி வரியாக மூன்று தரம் படித்தாள். பதின்மூன்று வருஷம் மொத்தமாக வந்து மேஜையில் கிடந்தது. பிறகு எண்ணைச் சுழற்றினாள்.

"ரோண்டாவா? நான் லெம்பி."

பதிலுக்குக் காத்திருக்காமல் அடுத்ததைக் கேட்டாள்.

"முட்டை எப்படிம்மா சாப்பிடுவா? அவிச்சா, பொரிச்சா?"

ரோண்டா அழுதுகொண்டே, "பொரிச்சு" என்றாள்.

அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமைதோறும் பேசிக்கொள்வார்கள். ஜானெலிடமிருந்து அட்டை வந்தால் ரோண்டா படிப்பாள். வராவிட்டால் இரண்டு பேரும் அலாஸ்காவின் வானிலையைப் பேசுவார்கள். ஒரு தரம் ஜானெல் அம்மாவிடம் கேட்டாளாம்: "ஏதோ சீறும், யாரோ ஈரத்துணியை என் மூஞ்சிக்கு முன்னால பிடிச்சுப்பாங்க. அது யாரு கை?" ரோண்டா இந்தத் தடவை சொல்லிவிட்டாள். ஜானெல், ஒருநாள் வருகிறேன் என்றாளாம். இன்னும் வரவில்லை. வாத்துத் துண்டு ஆணியில்தான் இருக்கிறது. மஞ்சள் போய் வெள்ளையாகிவிட்டது.

சேடி போய்ச் சேர்ந்து பத்து வருஷம் ஆகிறது. அவள் போன சமயத்தில் நீலப் பாத்திரம் லெம்பி வீட்டில் இருந்தது. செவ்வாய்க்கிழமைக் காப்பி இப்போது லெம்பியின் மேஜையில். போன மார்ச்சில் ஒரு பிள்ளையை அனுப்பிவிட்டு அழுத புதுப்பெண் ஒருத்தியின் வீட்டுக்கு அந்தப் பாத்திரம் போயிருக்கிறது. அடியில் சேடியின் பெயர் எழுதிய டேப் அப்படியே இருக்கிறது.

லெம்பிக்கு அறுபத்தேழு வயது. இரண்டாம் தெருவில் அதே வீட்டில் ரூடியோடு இருக்கிறாள். போன மாதம் வந்த அக்காளும் தங்கையுமாக இரண்டு சின்னப் பெண்கள் கூட இருக்கிறார்கள்.